எதிராளி வழிவிடும்போது

வண்டன்மேடு
3 பிப்ரவரி 2025

வினோ,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் மச்சான் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அதையும் பிளாக் செய்தாய். பாவம் சிலுவைராஜ், அந்த மனுஷன் உனக்கு என்ன கெடுதல் செய்தார்? கடை நம்பர், ஏலக்காய் ஸ்டோர் நம்பர் எல்லாம் முடிந்தது. தபாலை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. நின்றுகொண்டே படித்தால் முழங்கால் வலிக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. சரி, இடம் தப்பு. கேட்டது தப்பில்லை. "எப்பலே பந்த நிறுத்தப் போற?" என்று கூடப்பிறந்தவள் ஒரு வார்த்தை கேட்டதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய், அன்று மத்தியானமே பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாய். கறி அப்படியே கிடந்தது. மூன்று நாள் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

டின்சியைத் திட்டாதே. அவளாகச் சொல்லவில்லை, நான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். ஜனவரியில் மட்டும் இரண்டு தடவை முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுத்திருக்கிறார்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கச் சுவரைப் பிடிக்கிறாயாம். சாயங்காலம் அதே காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு பயிற்சிக்குப் போகிறாயாம். டாக்டர் சொன்னதை நர்ஸ் வேலை பார்க்கிற பெண்டாட்டியிடமே மறைக்கப் பார்த்திருக்கிறாய். இந்த அழகில் பிப்ரவரிக் கடைசியில் இன்னும் இரண்டு சீசனுக்குக் கையெழுத்துப் போடப் போகிறாயாமே?

நான் வியாபாரி. காய் பிரிக்கிற கூலியாக ஆரம்பித்து இன்று நாலு பேருக்குக் கூலி கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நல்ல ஏலக்காயை இன்னும் விலை ஏறும், இன்னும் ஏறும் என்று ஸ்டோரில் பூட்டி வைத்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் கழித்துச் சாக்கைப் பிரித்தால் வாசம் இருக்கும், காரம் இருக்கும், பச்சை போயிருக்கும். கையில் அள்ளிப் பார்க்கிறவன் மறுபேச்சு இல்லாமல் கீழே கொட்டிவிட்டுப் போவான். நீ அந்த நிலைமைக்கு வருமுன் வெளியே வா என்கிறேன்.

தேவிகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். தலைமை சிஸ்டரிடம் பேசிவிட்டேன். மார்ச் 31க்குள் பதில் வேண்டுமாம்.

கடைசியாக ஒன்று. உன் சர்ட்டிபிகேட்டில் வயசு முப்பத்தைந்து. உண்மையில் முப்பத்தேழு என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளப்காரனிடம் இரண்டு வருஷத்தை ஒளித்து வைக்கலாம். முழங்காலிடம் ஒளிக்க முடியாது.

இதைக் கிளப் விலாசத்துக்கே அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் டின்சி பிரிப்பாள், பயப்படுவாள். என் வழக்கமும் அதுதான், காரியக் கடிதம் எதையும் நான் வீட்டு விலாசத்துக்கு எழுதுவதில்லை.

புஷ்பமேரி


பாலக்காடு
10 பிப்ரவரி 2025

அக்கா,

பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. எழுத வைத்துவிட்டாய், சந்தோஷமா?

உன் காரியக் கடிதம் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது தெரியுமா? பிரித்த கவரோடு வந்தது. கிளப்புக்கு வருகிற எல்லாத் தபாலையும் மேனேஜர் காளிச்சாமி அண்ணன்தான் பிரிப்பார். பில், நோட்டீஸ், எந்த எழவாக இருந்தாலும். மலையாளி மேனேஜராக இருந்தால் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பான். இவர் கொழிஞ்சாம்பாறைக்காரர், வீட்டில் தமிழ். பயிற்சி முடிந்து எல்லோரும் பூட் கழற்றிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார்.

"ஏனுங்க வினோ, உங்கக்கா எழுத்து முத்து கோத்தாப்புல இருக்குதுங்க. ஒரு வரி வுடாம படிச்சுப் போட்டனுங்க. அந்த ஏலக்காச் சமாச்சாரம் அருமைங்க."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "முப்பத்தேழுங்களா?" என்றார்.

நான் பூட் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "செரி, கெடக்குது வுடுங்க" என்று போய்விட்டார். ஆனால் மறுநாளே பேச்சு மாறிவிட்டது. பிப்ரவரிக் கடைசியில் கையெழுத்து என்றிருந்தது, இப்போது மார்ச் இரண்டாம் தேதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். பதினெட்டு வருஷத்தில் எனக்கு யாரும் பரீட்சை வைத்ததில்லை. உன் புண்ணியத்தில் முதல் பரீட்சை.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நான் ஏலக்காய் இல்லை. நான் ஸ்டாப்பர் பேக். என் வேலை ஓடுவதில்லை, மறிப்பது. இருபது வயசில் பந்து போன இடத்துக்கெல்லாம் ஓடினேன். இப்போது பந்து எங்கே வரும் என்று தெரிந்து முன்னாலேயே போய் நிற்கிறேன். பக்கத்தில் ஆடுகிற பையன்களை "எடத்துல நில்லுலே, வலதுபக்கம் பாரு" என்று தொண்ணூறு நிமிஷமும் கத்திக்கொண்டே இருக்கிறேன். அது ஊசி போட்ட காலாலும் முடியும். முடியாத அன்று எனக்கே தெரியும். வண்டன்மேட்டிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

உனக்கு நாற்பத்து நாலு. உன் இடுப்பு வலிக்கு நானும்தான் டின்சியிடம் மாத்திரை கேட்டு அனுப்பியிருக்கிறேன். வியாபாரத்தை நிறுத்து என்று என்றாவது சொன்னேனா?

விசில் ஊதுகிற வேலை எனக்கு வேண்டாம். சிஸ்டரிடம் சொல்லிவிடு.

வினோ


வண்டன்மேடு
15 பிப்ரவரி 2025

வினோ,

ஒட்டிய கவரைப் பிரித்துப் படிக்கிறவனெல்லாம் மேனேஜரா? எங்கள் ஏலக்காய்க் கடையில் இப்படி ஒருத்தன் செய்திருந்தால் அன்றைக்கே செருப்பைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஏலக்காய்ச் சமாச்சாரம் அருமையாம். அவர் மெச்சத்தான் நான் எழுதினேனா?

சரி, குற்றம் என்னுடையது. வீட்டு விலாசம் கையில் இருந்தும் கிளப்புக்கு அனுப்பினது நான். கடைக்கு வரும் கடிதத்தைக் கடைக்காரன்தான் பிரிப்பான் என்ற எண்ணத்தில் இருந்துவிட்டேன். அங்கே நீ கடைக்காரன் இல்லை, சரக்கு என்பது எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தைக் ஏலக்காய் லாரிக்காரர் கையில் கொடுத்து, உன் கையில்தான் தர வேண்டும் என்று சத்தியம் வாங்கி அனுப்புகிறேன்.

வயசுப் பேச்சு வந்துவிட்டது. இனி மூடி வைத்துப் பிரயோஜனமில்லை, சொல்லிவிடுகிறேன். அம்மா தேதியை மறந்து மாற்றிச் சொல்லிவிட்டாள் என்றுதானே இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்? அம்மா உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரவே இல்லை. அன்றைக்கு அவளுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கிற வேலை, லீவு கிடையாது. உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான். எனக்குப் பதினாலு, நான் படிப்பை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. உனக்கு ஏழு முடிந்திருந்தது. இரண்டு வருஷமாக நெஞ்சுச் சளியில் கிடந்து எழுந்தவன், குச்சி மாதிரி இருப்பாய். ஓர் எழுத்து தெரியாது.

ஹெட்மாஸ்டர் "வயசு எத்தற?" என்றார். ஏழு என்று சொன்னால் மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள், அங்கே உனக்கு எதுவும் புரியாது, தினமும் அடி வாங்குவாய் என்று பயந்தேன். "அஞ்சு சார்" என்றேன். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஞானஸ்நானச் சீட்டு கேட்டார், மழையில் கரைந்துவிட்டது என்றேன். அவ்வளவுதான்.

ஒன்றாம் வகுப்பில் நீ எல்லோரையும்விட ஒரு தலை உயரமாகிவிட்டாய். பந்தில் யாராலும் உன்னைத் தாண்ட முடியவில்லை. பதினாலு வயசுக்குக் கீழே இருப்பவர்கள் ஆட்டத்தில் நீ ஜில்லா கேப்டன். அப்போது உனக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. மீசை வைத்தவன் மீசை வைக்காதவன்களைத் தள்ளிவிட்டு ஜெயித்துக்கொண்டிருந்தாய், நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, முன்னால் இரண்டு வருஷத்தை நான் உனக்குக் கொடுத்தாயிற்று. பின்னாலும் இரண்டு வருஷம் கேட்கிறாயே, அதை யாரிடம் வாங்குவாய்? முழங்காலிடம்தானே?

இடுப்பு வலியோடு நான் வியாபாரம் செய்யவில்லையா என்று கேட்டாய். செய்கிறேன். என் இடுப்பில் இருபது வயசுக்காரன் ஓடி வந்து மோதுவதில்லை.

31ஆம் தேதியை மறக்காதே. சிஸ்டரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

புஷ்பமேரி


பாலக்காடு
22 பிப்ரவரி 2025

அக்கா,

லாரிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். வாங்காமலே இருந்திருக்கலாம்.

வீட்டில் அலமாரிக்கு மேல் அந்த ஜில்லா கேப்டன் கப் இருக்கிறது. டின்சி வாரத்துக்கு ஒருமுறை துடைத்து வைப்பாள். நேற்று அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். என்ன என்று கேட்டாள். தூசி என்றேன்.

வயசு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று தெரியும். எஸ்டேட் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆனால் அதை இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. அந்தக் கப்பைப் பார்த்துத்தான் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். ஹாஸ்டலைப் பார்த்து யூத் டீம். யூத் டீமைப் பார்த்து கிளப். எல்லாவற்றுக்கும் அடியில் நீ சொன்ன "அஞ்சு சார்" இருக்கிறது என்று இப்போது சொல்கிறாய். எதற்கு? நான் நிறுத்த வேண்டும் என்பதற்காக. கால் போய்விட்டது என்று சொன்னால் போதாதா? நான் என்றைக்குமே பெரிய ஆட்டக்காரன் இல்லை என்றும் சொல்லி முடிக்க வேண்டுமா?

மார்ச் 2 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டம். திருச்சூர் டீம். அவர்களுடைய ஃபார்வர்ட் ஜோஜோ என்று பத்தொன்பது வயசுப் பையன், இந்த வருஷம் எல்லா ஸ்டாப்பரையும் தாண்டிக் கோல் போட்டிருக்கிறான். அவனை நான் மறித்துக் காட்டினால் காளிச்சாமி அண்ணன் கையெழுத்து வாங்குவார். காட்டுவேன்.

நீ வராதே.

வினோ


வண்டன்மேடு
4 மார்ச் 2025

வினோ,

வந்தேன். வராதே என்று சொன்னால் வராமலிருக்க நான் என்ன உன் டீமில் ஆடுகிறவளா? ஜீப்பில் கம்பம்மெட்டு இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று எட்டு மணி நேரம். வழியெல்லாம் உன் மச்சான், "அவன்தான் வராதன்னு சொன்னானே, நீ என்னத்துக்குப் போற?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். டிக்கெட் எடுத்து, முக்காடு போட்டுக்கொண்டு, கேலரியில் மேல் வரிசையில் உட்கார்ந்தேன். நீ பார்க்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் உண்மை. நீ எவ்வளவு நன்றாக ஆடுவாய் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். என் பக்கத்தில் ஒரு பெரியவர், பெயர் கேட்டேன், அழகுமலை, பொள்ளாச்சியிலிருந்து உன் ஆட்டத்துக்கென்றே வருகிறவராம். "அந்த ஆறாம் நம்பரப் பாருங்கம்மா. பந்து எங்க போறதுன்னு பந்துக்கே தெரியாது, அவுருக்குத் தெரியும்" என்றார். என் தம்பி என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அவர் உண்மையைப் பேசுவதை நிறுத்தியிருப்பார்.

முதல் பாதியில் ஜோஜோ உன்னை இரண்டு தடவை தாண்டினான். இரண்டாவது தடவை நீ திரும்புவதற்குள் அவன் பத்தடி போய்விட்டான். கோல்கீப்பர் காப்பாற்றினார். கேலரியில் எவனோ, "ஆறாம் நம்பருக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுங்கப்பா" என்றான். அழகுமலை அவனைத் திட்டினார்.

இரண்டாம் பாதியில் அவன் உன்னைத் தாண்டவேயில்லை. ஒரு தடவைகூட இல்லை. கேலரி முழுவதும் எழுந்து நின்று உன் பெயரைக் கத்தியது. ஆட்டம் டிரா. உன் மேனேஜர் ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடித்தார். நீ கையைத் தூக்கிக் காட்டினாய்.

வினோ, எனக்குப் பந்து தெரியாது, ஆட்களைத் தெரியும். நான் பந்தைப் பார்க்கவில்லை, அந்தப் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை அவன் உன் முன்னால் வந்தான். மூன்று தடவையும் உன் இடது பக்கம் வாசல் மாதிரி திறந்து கிடந்தது. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டான். மறித்தது நீ இல்லை. அவன் வழிவிட்டான்.

இதை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் தெரிந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், வாயால் விலை கேட்டு ஏலம் எடுத்த காலத்தில், ஒரு பழைய வியாபாரி இருந்தார். அவர் கேட்டால் மற்றவர்கள் நடுங்குவார்கள். வயசாகி, கண் மங்கி, காயின் தரம் தெரியாமல் விலை கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் ஒரு லாட் ஏலக்காய்க்கு அவர் விலை சொன்னார். அதற்கு மேலே போக அங்கே பத்துப் பேர் இருந்தோம். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம், நானும்தான். லாட் அவருக்கு விழுந்தது. அன்று சாயங்காலம் அவர் எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். எங்களை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு. என் டீயை நான் குடிக்காமல் வாசலில் கொட்டினேன். போட்டி போடுகிறவன் உனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டான் என்றால் உன்னை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டான் என்று அர்த்தம். உனக்கு மட்டும்தான் அது தெரியாது.

இவ்வளவு நாள் நான் வயசைப் பிடித்துத் தொங்கினது மடத்தனம். முப்பத்தைந்தோ முப்பத்தேழோ, அது கணக்கே இல்லை. நாற்பதிலும் ஒருத்தன் ஆடலாம், எதிராளி அவனை அடித்துத் தாண்டப் பார்க்கிற வரைக்கும்.

இன்னொன்று. என்றைக்குமே பெரிய ஆட்டக்காரன் இல்லையா என்று கேட்டிருந்தாய். பதினாறில் நீ ஜெயித்ததில் பாதி என் பொய். அதை மறைக்க மாட்டேன். ஆனால் இருபத்தாறில் உன்னோடு ஆடினவன் எல்லாம் தாடி வைத்தவன். அவனிடம் நான் போய் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அதிலிருந்து வந்த பத்து வருஷம் முழுக்க உன்னுடையது. கப்பை வெளியே எடுத்து வை. டின்சி போனில் சொன்னாள்.

புஷ்பமேரி


பாலக்காடு
9 மார்ச் 2025

அக்கா,

ஜோஜோ வழிவிட்டான், நீ பார்த்தாய்! ஏழாயிரம் பேர் பார்க்காததை முக்காடு போட்டுக்கொண்டு நீ ஒருத்தி பார்த்தாய்! ஒரு ஸ்டாப்பர் ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பது அவனை அங்கே இழுக்கத்தான். அது பொறி. அவன் விழவில்லை, பயந்து பாஸ் கொடுத்தான். பந்து தெரியாது என்று நீயே எழுதிவிட்டு, பிறகு எதற்கு இரண்டு பக்கம்?

பரீட்சை பாஸ். காளிச்சாமி அண்ணன் பேப்பர் தயார் செய்கிறார். ஏப்ரல் ஒன்றாம் தேதி கையெழுத்து. இரண்டு சீசன்.

இனி இது பற்றி எழுதாதே.

வினோ


பாலக்காடு
2 ஏப்ரல் 2025

அக்கா,

நீ எழுதவில்லை. மூன்று வாரம் ஒரு வரிகூட இல்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அது பொறிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சியில், சாப்பிடும்போது, பல் விளக்கும்போது. சொல்லச் சொல்லச் சந்தேகம் கூடியது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டின்சியிடம் பேங்க் வேலை என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எந்த பேங்க் என்று அவள் கேட்கவில்லை. பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு திருச்சூருக்கு பஸ் ஏறினேன்.

ஜோஜோ தனியாக மைதானத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பார்த்த மாதிரி நின்றான். நேராகக் கேட்டேன், மலையாளத்தில்தான், "செகண்ட் ஹாஃபில் ஏன் இடது பக்கம் போகலை?"

"சேட்டன் குளோஸ் பண்ணிட்டீங்க" என்றான்.

"பொய் சொல்லாதடா."

தரையைப் பார்த்தான். பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே சொன்னான். அவன் அப்பா கேலரியில் இருந்தாராம். சின்ன வயசில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் ஆட்டத்தைத்தான் காட்டினாராம். இடைவேளையில் இறங்கி வந்து, "போதும் மோனே, ஜனங்களுக்கு முன்னால வினோவை மானங்கெடுத்தாதே" என்றாராம்.

அவனை அடித்திருப்பேன். அவன் என்ன தப்பு செய்தான்? பூட்ஸை மாட்டினேன். "இங்க ஜனங்க இல்லை. வா. மரியாதை வேண்டாம், முழு வேகத்தில் வா. மெதுவா வந்தேன்னா மூஞ்சியில் பந்தடிப்பேன்" என்றேன்.

பதினொரு தடவை வந்தான். முதல் மூன்றில் மெதுவாகத்தான் வந்தான். நான் சொன்ன மாதிரியே ஒரு பந்தை அவன் மேல் அடித்தேன். அப்புறம் கோபம் வந்துவிட்டது அவனுக்கு. அதற்கப்புறம் வந்த எட்டில் இரண்டை மட்டும் பிடித்தேன். கடைசித் தடவை அவன் போனது எனக்குத் தெரியவில்லை. காற்று மட்டும் பட்டது. திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள் கிடந்தது, அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

நீ நினைக்கிற மாதிரி எனக்கு வருத்தமாக இல்லை, அக்கா. முதலில் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருத்தன் என்னோடு உண்மையாக ஆடினான். வருத்தம் பஸ்ஸில் வந்தது, ஆலத்தூர் தாண்டும்போது.

நேற்று கிளப் ஆபீசில் பேப்பர் மேசைமேல் இருந்தது. காளிச்சாமி அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அது எனக்கும் தெரியுமுங்க. ஆரு இல்லைன்னா? உங்களப் பாக்கத்தான் பாதிச் சனம் வருது. நீங்க சும்மா நில்லுங்க, ஓடறதுக்குப் பசங்க இருக்கறாங்க. கையெழுத்துப் போடுங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. இந்தக் கையெழுத்துக்காகத்தான் உன்னோடு மூன்று மாதம் சண்டை போட்டேன். பேனாவை மூடி பேப்பர் மேல் வைத்தேன்.

"பேர்வெல் மேட்ச் ஒண்ணு வெச்சு, மாலை போட்டு அனுப்பறமுங்க" என்றார். வேண்டாம் என்றேன். மாலை போட்டால் ஜோஜோவின் அப்பா மறுபடியும் வருவார்.

நிறுத்திவிட்டேன். உன் பேச்சைக் கேட்டு அல்ல. எழுதி வைத்துக்கொள்.

வினோ


வண்டன்மேடு
7 ஏப்ரல் 2025

வினோ,

எழுதி வைத்துக்கொண்டேன். என் பேச்சைக் கேட்டு அல்ல. நல்லது.

ஆனால் என் பேச்சைக் கேட்டிருந்தால் ஒரு லாபம் இருந்திருக்கும். ஏலே, நிறுத்துகிறவன் ஒரு நாள் முன்னால் நிறுத்தக் கூடாதா? சிஸ்டர் 31ஆம் தேதி சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, ஒன்றாம் தேதி காலையில் மாரீஸ்வரனை வேலைக்கு எடுத்துவிட்டார். நம் ஊர் வேலுத்தாய் மகன். அவன் பந்தை உதைத்து நான் பார்த்ததே இல்லை, கபடிக்காரன். உன் கடிதம் வந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் சிஸ்டர் முன்னால் நின்றேன். "அம்மா, நீங்க வியாபாரி. கொடுத்த வாக்கை மாத்தச் சொல்றீங்களா?" என்றார். வாசல் வரை வந்ததும் கூப்பிட்டார். மே மாதம் லீவில் ஒரு மாதப் பயிற்சி முகாம் மட்டும் உன்னால் நடத்த முடியுமா என்று கேட்டார். பெண் பிள்ளைகள் முப்பது பேர். அவனால் எதுவும் முடியும், நேரத்துக்கு முடிவெடுக்க மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் கடிதத்தை ஸ்டோரில் வைத்துத்தான் படித்தேன். நீ நிறுத்தினால் எனக்கு ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. படித்து முடித்துவிட்டு, காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் காரணமே இல்லாமல் கத்தினேன். குருவம்மாள், "யாத்தா, காயில ஒண்ணும் குத்தமில்ல. ஒனக்கு என்ன ஆச்சு?" என்றாள். என் தம்பி இனிமேல் பந்து ஆட மாட்டான் என்றேன். "அதத்தான கேட்டுட்டே இருந்த?" என்றாள்.

நான் கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் கேட்டபோது ஒன்றை யோசிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நீ மைதானத்தில் இருந்தாய். இப்போது நாலு மணிக்கு என்ன செய்கிறாய்?

முகாமுக்கு வருவாயா மாட்டாயா? இந்தத் தடவையாவது தேதி முடியுமுன் சொல்லு.

புஷ்பமேரி


பாலக்காடு
14 ஏப்ரல் 2025

அக்கா,

முகாமுக்கு வருகிறேன். மே ஒன்றாம் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடுவேன். சிஸ்டரிடம் சொல்லிவிடு. கபடிக்காரனையும் உதவிக்கு வரச் சொல்லு, எனக்குக் குனிந்து மைதானத்தில் எல்லைக் கோன் வைக்க முடியாது.

நாலு மணிக்கு என்ன செய்கிறேன் என்று கேட்டாய். முதல் வாரம் ஒன்றும் செய்யவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பேன், எழுவேன், வாசல் வரை போவேன், திரும்பி வந்து உட்காருவேன். நாலாவது நாள் டின்சி, "இப்படி நடந்தா அந்த முட்டி இன்னும் சீக்கிரம் போகும்" என்றாள்.

நேற்று முன்தினம் சனிக்கிழமை எங்கள் டீமுக்கு ஆட்டம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்றரைக்கு டின்சி சேலை மாற்றிக்கொண்டு வந்து, "நான் போறேன். வர்றதுன்னா வாங்க" என்றாள். காளிச்சாமி அண்ணன் கண்ணில் பட்டால் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவார் என்று, தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, கேலரியில் மேலே போய் உட்கார்ந்தோம். அங்கிருந்து மைதானம் இவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எல்லாமே தெரிகிறது. யார் எங்கே ஓட வேண்டும், எந்த இடம் திறந்து கிடக்கிறது, எல்லாம்.

என் இடத்தில் ஒரு புதுப் பையன், இருபத்திரண்டு வயசு. நல்ல கால். ஆனால் பந்தையே பார்க்கிறான், ஆளைப் பார்ப்பதில்லை. பத்தாவது நிமிஷம் முனகினேன். இருபதாவது நிமிஷம் சத்தமாகச் சொன்னேன். அரை மணி நேரத்தில் நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "இடது பக்கம்டா! இடது பக்கம் பாருடா! அங்க என்ன புடுங்கற!" என்று கத்திக்கொண்டிருந்தேன். டின்சி சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு கை என் முதுகைத் தட்டியது. திரும்பினேன். ஒரு பெரியவர், கையில் கடலைப் பொட்டலம். தொப்பி மறைத்ததில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"ஏனுங்க தம்பி, இங்க உக்காந்துட்டு ஆரு வேணும்னாலும் சொல்லலாமுங்க. அங்க எறங்கி நின்னு பாத்தாத்தான் அந்தப் பையன் கஷ்டம் தெரியும். உக்காருங்க, மறைக்குதுங்க."

நான் யார் தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். கீழே அந்தப் பையன் தடுமாறி விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தான்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பெரியவர் பொட்டலத்தை நீட்டினார். ஒரு பிடி எடுத்துக்கொண்டு மீதி ஆட்டத்தைப் பார்த்தேன்.

வினோ